மாப்பிள்ளை பூட்டிய இன்ஜின்

பெற்றவர்கள் வைத்த பெயர் அவருடைய டிரைவிங் லைசென்ஸில் இருக்கிறது. அது அங்கேயே பத்திரமாக இருக்கட்டும். ஊருக்கு அவர் பிரமாதம். எதைக் காட்டினாலும், எதைக் கொடுத்தாலும் வாயில் முதலில் வருவது அந்தச் சொல்தான் என்றால் மனிதரை வேறு எப்படிக் கூப்பிடுவது? முடிவெட்டுகிறவர் ஒரு பக்கக் கிருதாவை மேலேயும் மறுபக்கத்தைக் கீழேயும் நிறுத்திவிட்டுக் கண்ணாடியைப் பிடித்தால், "பிரமாதம்!" டீக்கடைக்காரர் சர்க்கரை போட மறந்துவிட்டு, "எப்படி இருக்கு?" என்றால், "பிரமாதம்!" ஒரு தடவை தையல்காரர் பேண்டில் பை வைக்கவே மறந்துவிட்டார். அதற்கும் இதே பதில்தான். அந்த பேண்ட் கிழிகிற வரைக்கும் சாவி, சில்லறை, சீப்பு எல்லாம் சட்டைப் பையில்தான் கிடந்தன.

இதைப் பொய் என்று சொல்லிவிட முடியாது. பொய் சொல்கிறவனுக்கு அதில் ஏதாவது லாபம் இருக்கும். இவருக்கு எப்போதும் நஷ்டம்தான். எதிரே நிற்கிறவர் முகம் சுண்டிப்போவதைப் பார்க்கிற தெம்பு அவருக்கு இல்லை, அவ்வளவுதான் சங்கதி. முகத்தாட்சண்யம் என்கிறோமே, அது நம் எல்லோருக்கும் கொஞ்சம் கொஞ்சம் உண்டு. இவருக்கு உச்சந்தலை முதல் உள்ளங்கால் வரை அதுதான். கல்யாணமான புதிதில் மனைவி எதையோ கருக்கிவிட்டுப் பயந்துகொண்டே பரிமாற, இவர் இரண்டாம் தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டிருக்கிறார். அன்றைக்கே அந்த அம்மாள் ஒரு முடிவுக்கு வந்துவிட்டார். "இவர்கிட்ட ருசி கேக்குறதும் சுவத்துகிட்ட கேக்குறதும் ஒண்ணுதான்" என்று இன்றுவரை வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்கிறார்.

பிழைப்புக்குச் சொந்தமாக, பெட்ரோலில் ஓடுகிற ஒரு சின்ன லாரி. பின்னால் மூடிய கூண்டு. பெரிய சலவைக்கூடம் ஒன்றுக்கு ஓட்டுகிறார். காலையில் ஆஸ்பத்திரியிலிருந்தும் ஓட்டல்களிலிருந்தும் அழுக்குத் துணியை மூட்டை மூட்டையாக ஏற்றிவர வேண்டும். மத்தியானத்துக்கு மேல், வெளுத்து இஸ்திரி போட்ட போர்வைகளையும் தலையணை உறைகளையும் திருப்பிக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். அழுக்கு ஏறிய கூண்டிலேயே வெளுப்பும் ஏற வேண்டுமே என்று நடுவில் தன் கையாலேயே கூண்டைக் கழுவித் துடைத்துக் காயவிடுவார். அதற்குள் ஏறி நின்றால் சோப்பு மணமும் சூட்டுத் துணியின் மணமும் சேர்ந்து அடிக்கும். "உங்க வண்டி வந்தாலே வாசம்தான்" என்று ஆஸ்பத்திரியில் நர்சம்மா யாராவது சொல்லிவிட்டால் போதும், அன்றைக்கு அவருக்குச் சாப்பாடே வேண்டாம்.

ஒரே மகள். அவளுக்கு வாய்த்தவர் ஒரு மெக்கானிக். மாப்பிள்ளை நல்ல உழைப்பாளி, அதிர்ந்து பேசத் தெரியாதவர். பல வருடம் தன் அண்ணன் ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்த்தவர். அந்த அண்ணன் பழைய வண்டிகளில் கில்லாடி, வாயிலும் கில்லாடி. போல்ட்டை இறுக்கினால் ஏன் இவ்வளவு இறுக்கினாய் என்பார். கொஞ்சம் விட்டால் ஏன் விட்டாய் என்பார். "நீ செஞ்சதுக்குச் சும்மா உக்காந்திருக்கலாம்" என்பதுதான் அவர் தம்பிக்குக் கொடுத்த அதிகபட்சப் பாராட்டு. கல்யாணமானதும், மனைவி கொடுத்த தைரியத்தில் தம்பி தனியாக வந்து, கால்வாய்க் கரையில் பச்சை கேட் போட்ட ஷெட் ஒன்றை வாடகைக்குப் பிடித்தார்.

ஷெட் திறந்தாயிற்று, வண்டி வர வேண்டுமே! பிரேக் பார்க்க வந்தார்கள், பஞ்சர் ஒட்ட வந்தார்கள். இன்ஜினைப் பிரிக்கிற வேலையைப் புது ஆளை நம்பி யார் கொடுப்பார்கள்? மாமனாரின் லாரியோ ஓடி ஓடிக் களைத்து, இன்ஜினைப் பிரித்து வேலை பார்த்தே ஆக வேண்டிய நிலைமையில் இருந்தது. மாப்பிள்ளை ஒரு நாள் தயங்கித் தயங்கி வந்து நின்றார்.

"மாமா, தப்பா நினைக்கலைன்னா... நம்ம வண்டி இன்ஜினை நானே பண்ணித் தரட்டுமா?"

"என்ன மாப்பிள்ளை இப்படிக் கேட்டுட்டீங்க? உங்ககிட்ட கொடுக்காம வேற யார்கிட்ட கொடுக்கப் போறேன்?"

சாவியை இரண்டு கையாலும் நீட்டினார். மாப்பிள்ளை ஆயிற்றே.

வண்டி திரும்பி வந்தபோது பார்க்கக் கண் கொள்ளவில்லை. இன்ஜின் மேல் ஒரு பொட்டு அழுக்கு இல்லை. சாவியைத் திருப்பியதும் முனகாமல் முரண்டு பிடிக்காமல் எடுத்துக்கொண்டது. மேம்பாலத்தில் ஒரே மிதியில் ஏறியது. மகள் முன் சீட்டில் உட்கார்ந்து புருஷன் பெருமையில் பூரித்துக்கொண்டு வந்தாள். "பிரமாதம், மாப்பிள்ளை!" என்றார் மாமனார். அந்த ஒரு தடவை மனசாரச் சொன்னார்.

தினமும் காலையில் வண்டியை எடுக்கும் முன் ஆயில் பார்க்கும் குச்சியை உருவிப் பார்ப்பது அவர் வழக்கம். சலவைக்கூடத்தில் கழித்துப் போட்ட தலையணை உறை ஒன்று அதற்கென்றே வைத்திருப்பார். அப்படி ஒரு நாள் உருவினால், எண்ணெய் கீழ்க்கோட்டுக்கும் கீழே நிற்கிறது. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். கண்ணாடியில் கோளாறு இல்லை. ஊற்றி நிரப்பினார். சில நாளில் மறுபடி அதே கதை. எங்காவது ஒழுகுகிறதோ என்று ராத்திரி வண்டிக்கு அடியில் அட்டைப் பெட்டியைப் பிரித்து விரித்து வைத்தார். காலையில் அட்டை போட்டபடியே சுத்தமாக இருந்தது. புகை தள்ளுகிறதோ என்று வெள்ளைத் துணி ஒன்றைப் பின்னால் சைலன்சர் வாயில் பிடித்துப் பார்த்தார். கறை என்று சொல்கிற மாதிரி எதுவும் இல்லை. ஆக, வெளியே ஒழுகவும் இல்லை, புகையாகத் தெரியவும் இல்லை, எண்ணெய் மட்டும் குறைகிறது. இன்ஜினே குடிக்கிறது என்று புரிய அவருக்குப் பெரிய படிப்பு தேவைப்படவில்லை.

வேறு யாராக இருந்தாலும் அன்றைக்கே பச்சை கேட்டுக்குப் போய், "ஆயில் குறையுது, என்னன்னு பாருங்க" என்று சொல்லியிருப்பார்கள். ஒரே வரி. அந்த ஒரு வரியை அவர் வண்டி ஓட்டும்போது சொல்லிப் பார்த்தார், குளிக்கும்போது சொல்லிப் பார்த்தார். நன்றாகத்தான் வந்தது. மாப்பிள்ளையின் முகத்துக்கு எதிரே போனால் மட்டும் தொண்டைக்குக் கீழேயே நின்றுகொண்டது. அவருடைய முதல் இன்ஜின்! அதில் போய்க் குறை சொல்வதா? அதுவும் பெண்ணைக் கொடுத்த இடத்தில்? போதாக்குறைக்கு மகள் வேறு, "அப்பா, நீங்க பாராட்டினதை அவங்க அண்ணனுக்குப் போன் போட்டுச் சொன்னார்ப்பா. சொல்லிட்டு அழுதுட்டார்" என்றாள். அதற்கப்புறம் எந்த வாயை வைத்துக்கொண்டு சொல்வது?

அதனால் பிரமாதம் ஆயிலை வாங்கி ஊற்றினார். பக்கத்துக் கடைக்காரர் மாப்பிள்ளையோடு டீ குடிக்கிறவர், வாய் சும்மா இருக்காது. ஆகவே ஊரைச் சுற்றிக்கொண்டு போய் எங்கோ ஒரு கடையில் வாங்கினார். கேனைப் பழைய போர்வையில் சுற்றி சீட்டுக்கு அடியில் ஒளித்தார். தெருவில் யாரும் இல்லாத நேரமாகப் பார்த்து பானெட்டைத் தூக்கி ஊற்றினார். திருட்டு வேலைக்கே உரிய அவசரத்தில் சட்டைக் கையெல்லாம் கறை.

"என்னங்க இது, தினமும் சட்டையில எண்ணெய்?" என்றார் மனைவி.

"கதவுக் கீலுக்குப் போட்டேன்."

"தினமுமா?"

"நிறைய கீல் இருக்கு."

அந்த அம்மாள் ஒரு பார்வை பார்த்துவிட்டுச் சட்டையைச் சோப்புத் தண்ணீரில் அமுக்கினார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் மகளும் மாப்பிள்ளையும் சாப்பிட வருவார்கள். கை கழுவி உட்கார்ந்ததும் மாப்பிள்ளை கேட்பது ஒன்றே ஒன்றுதான். "வண்டி எப்படி மாமா இருக்கு?" முதல் வாரம் வண்டி பூ மாதிரி ஓடியது. அடுத்த வாரம், "ஓடுதா நிக்குதான்னே சந்தேகமா இருக்கு மாப்பிள்ளை, அவ்வளவு அமைதி!" அதற்கடுத்த வாரம் ஆஸ்பத்திரி வாசலில் வேறு டிரைவர்கள் கூடி நின்று இன்ஜின் சத்தத்தைக் கேட்டார்களாம். குற்ற உணர்ச்சி ஏற ஏறப் புகழ்ச்சியும் ஏறிக்கொண்டே போனது. மாப்பிள்ளை தலையைக் குனிந்துகொண்டு சிரிப்பார், இன்னும் கொஞ்சம் சாதம் கேட்டு வாங்கிக்கொள்வார். அந்தச் சிரிப்பைப் பார்த்தால் யாருக்குத்தான் உண்மையைச் சொல்ல மனசு வரும்?

இந்த இடத்தில் ஒரு டப்பாவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். லாரிக்கு அடியில், இன்ஜினிலிருந்து சைலன்சருக்குப் போகிற குழாயின் நடுவில், வயிறு உப்பிய மாதிரி ஒரு இரும்பு டப்பா இருக்கும். கன்வெர்ட்டர் என்பார்கள். உள்ளே தேன்கூடு போலப் பொடிப்பொடித் துளைகள். துளைச் சுவர்களில் விலை உயர்ந்த உலோகப் பூச்சு. இன்ஜின் கக்குகிற நச்சுப் புகை அதன் வழியே போகும்போது எரிந்து, அவ்வளவு கெடுதல் இல்லாததாக வெளியேறும். பெட்ரோல் புகையைச் சமாளிக்கத்தான் அந்த டப்பாவைச் செய்திருக்கிறார்கள். எண்ணெய்ப் புகை அதன் பாடத்திலேயே இல்லை. இருந்தாலும் வந்ததை எல்லாம் முடிந்த மட்டும் எரித்தது பாவம். வெள்ளைத் துணியில் கறை விழாததற்கு அதுதான் காரணம். ஆனால் ஆயிலில் இருக்கிற எல்லாமும் எரிந்துபோகாது. பாஸ்பரஸ், துத்தநாகம் என்று எரியாத சரக்குகள் சாம்பலாகிப் பூச்சின் மேல் படியும். படியப் படியப் பூச்சு வேலை செய்யாது, துளை அடையும், சூடு ஏறும். இன்ஜினுக்கு மூச்சு விட வழி இருக்காது.

மாதங்கள் போயின. ஒரு நாள் வண்டியின் முகப்பில் மஞ்சள் விளக்கு ஒன்று எரிந்தது. இன்ஜினில் ஏதோ சரியில்லை, மெக்கானிக்கிடம் காட்டு என்று அர்த்தம். பிரமாதம் அதன் மேல் கறுப்பு டேப்பை ஒட்டினார். விளக்கிடம்கூட முகத்துக்கு நேரே எதுவும் சொல்ல வராது போலிருக்கிறது! அப்புறம் மேம்பாலத்தில் வண்டி திணறத் தொடங்கியது. கியரைக் குறைத்துப் பார்த்தார், காலை அழுத்திப் பார்த்தார். ஒரு நாள் சைக்கிள்காரர் ஒருவர் மணியடித்துவிட்டு முந்திப் போனார்.

அதைக்கூடப் பொறுத்துக்கொண்டார். பொறுக்க முடியாதது சலவைக்கூடத்தில் நடந்தது. அங்கே மேனேஜராக இருக்கிற அம்மா இவரைத் தனியாகக் கூப்பிட்டார். "ஆஸ்பத்திரில துணியில கரிஞ்ச வாடை அடிக்குதுன்னு சொல்றாங்க. நானும் மோந்து பார்த்தேன், உங்க வண்டிதான். அடுத்த வாரத்துக்குள்ள சரி பண்ணுங்க, இல்லைன்னா நான் வேற வண்டி பார்க்கணும்." வாசம் என்று பெயரெடுத்த வண்டிக்கு இந்த நிலைமை! அன்றைக்கு அவருக்கு அழுகையே வந்துவிட்டது.

மறுநாள், ஊரின் இன்னொரு கோடியில் முன்பின் தெரியாத ஒரு மெக்கானிக்கைத் தேடிப் போனார். கல்யாண வயதுப் பையன் வீட்டாருக்குத் தெரியாமல் டாக்டரிடம் போவதுபோல, தொப்பியை இழுத்துவிட்டுக்கொண்டு போனார். அந்த மெக்கானிக் வழுக்கைத் தலையர், சிரிக்காத முகம். வண்டிக்கு அடியில் படுத்து ரப்பர் சுத்தியலால் டப்பாவைத் தட்டினார். உள்ளே உடைந்த ஓடு உருள்வதுபோலக் கலகலவென்றது. டப்பாவைக் கழற்றி வெளிச்சத்தில் காட்டினார். தேன்கூட்டின் பாதி வெள்ளைச் சாம்பல் பூத்து அடைந்து கிடந்தது. மீதி உருகி இளகிக் கட்டியாகிவிட்டது.

"இவ்வளவு நாள் எண்ணெய் குடிச்சிருக்கு. உங்களுக்குத் தெரியவே இல்லையா?"

"புகை ஒண்ணும் வரலையே..."

"எப்படி வரும்? அத்தனையையும் இதுதானே முழுங்கிக்கிட்டு இருந்திருக்கு! முழுங்கி முழுங்கித்தான் இந்தக் கதி. புதுசு போட்டாலும் பிரயோஜனம் இல்லை. இன்ஜினைப் பிரிக்காத வரைக்கும் அதுவும் இப்படித்தான் போகும். யாரு இன்ஜின் வேலை பண்ணது?"

"தெரியலை... யாரோ."

சொன்ன வாய் கசந்தது. மெக்கானிக் டப்பாவைத் திரும்பப் பூட்டிக்கொண்டே பேசினார். "எண்ணெய் மேல ஏறாம இருக்க பிஸ்டனைச் சுத்தி வளையம் போடுவாங்க, ரிங்குன்னு, இந்த இன்ஜின்ல அதுல ரெண்டாவதுக்கு மேல் பக்கம், கீழ் பக்கம் உண்டு. அடையாளத்துக்கு ஒரு புள்ளி இருக்கும், அது மேல பார்க்கணும். பழைய வண்டியில பழகினவங்க ரெண்டு பக்கமும் ஒண்ணுதான்னு நினைச்சுத் திருப்பிப் போட்டுடுவாங்க. வண்டி ஜம்முனு இழுக்கும், எண்ணெயை மட்டும் மேல ஏத்திவிட்டுக்கிட்டே இருக்கும். போன வாரம்கூட ஒரு வேன் இதே மாதிரி வந்துச்சு. பிரிச்சா ரிங் தலைகீழா. கால்வாய்க் கரையில யாரோ புதுசா கடை போட்டிருக்காராம், பச்சை கேட்டாம்."

பிரமாதம் தன் லாரியோடு போகிற விஷயம் என்றுதான் இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தார். இன்னொரு வேனா? அப்படியானால் இன்னும் எத்தனை?

அந்த ஞாயிற்றுக்கிழமை மகள் வாசலிலேயே ஆரம்பித்துவிட்டாள். "அப்பா! பால் கம்பெனி வேன் அத்தனையும் இவர்கிட்ட இன்ஜின் வேலைக்கு வரப்போகுது! அந்த முதலாளி செவ்வாய்க்கிழமை ஷெட்டுக்கு வர்றார். என் மாமனார் வண்டியைப் பாருங்க, அவரையே கேட்டுப் பாருங்கன்னு இவர் சொல்லியிருக்கார். நீங்க வந்து ஒரு வார்த்தை சொன்னாப் போதும்பா."

"உங்க வார்த்தைதான் மாமா எனக்குப் பலம்" என்றார் மாப்பிள்ளை.

மாமனாருக்குச் சோறு இறங்கவில்லை. ஒரு வார்த்தை சொன்னால் வேன்கள் வந்துவிடும். வந்த வேன்கள் எல்லாம் எண்ணெய் குடிக்கும், ஒன்றன்பின் ஒன்றாக ரோட்டில் நிற்கும். அதோடு பச்சை கேட்டை இழுத்து மூடிவிட்டு மாப்பிள்ளை மறுபடி அண்ணன் கடைக்குத்தான் போக வேண்டும். சொல்லாவிட்டாலோ, அத்தனை பேர் முன்னால் அவமானம். அதற்கு முன்னால், திங்கட்கிழமைக்குள், மாப்பிள்ளையிடம் வாயைத் திறந்தாக வேண்டும்.

திங்கட்கிழமை பச்சை கேட்டுக்குப் போனார். மாப்பிள்ளை எழுந்து ஸ்டூலைத் துடைத்துப் போட்டார், டீ வரவழைத்தார். தரையில் பழைய செய்தித்தாளை விரித்து யாருடைய வண்டியின் பிஸ்டன்களையோ வரிசையாக வைத்திருந்தார். பக்கத்தில் புது ரிங்குகள் பளபளத்தன.

"உங்க வண்டிக்குப் பண்ணின மாதிரியே மாமா. அச்சு அசல் அதே மாதிரி" என்று சொல்லிக்கொண்டே மாப்பிள்ளை ஒரு ரிங்கைக் கையில் எடுத்தார்.

இப்போது சொல்லிவிட வேண்டியதுதான். வாயைத் திறந்தார். "டீ பிரமாதம்" என்று வந்தது.

வெளியே வந்து வண்டியில் ஏறி உட்கார்ந்தவருக்குத் தன் மேலேயே அருவருப்பாக இருந்தது. உள்ளே அந்தப் பிள்ளை இன்னொரு இன்ஜினைத் தலைகீழாகப் பூட்டிக்கொண்டிருக்கிறார், நான் டீயைப் பாராட்டிவிட்டு வருகிறேன்! சாவியில் கை வைத்தார், திருப்பவில்லை. இறங்கி கேட்டருகே போய்க் குரல் கொடுத்தார்.

"மாப்பிள்ளை, அந்த ரிங்கை அப்படியே வச்சிட்டு வாங்க. மேம்பாலம் வரைக்கும் போயிட்டு வருவோம். நீங்களே ஓட்டுங்க."

வாய் சொல்லாததை வண்டியாவது சொல்லட்டும் என்று நினைத்தார்.

மாப்பிள்ளை உற்சாகமாகத்தான் ஏறினார். தெருமுனை தாண்டும்போதே உற்சாகம் குறைந்தது. முகப்பைப் பார்த்தார். "இது என்ன மாமா டேப்?"

"அது... வெளிச்சம் கண்ணுல அடிச்சுது."

மாப்பிள்ளை நகத்தால் டேப்பை உரித்தார். மஞ்சள் விளக்கு எரிந்தது. மேம்பாலத்தில் பாதி ஏறியதும் வண்டி முக்கி முனகி, இருமி, நின்றுவிட்டது. பின்னால் வந்தவர்கள் ஹாரனை அடித்துத் தீர்த்தார்கள். மாப்பிள்ளை இறங்கிக் குனிந்து அடியில் பார்த்தார். நிழலுக்குள் டப்பா தணல் மாதிரி சிவந்திருந்தது. வேகமாக பானெட்டைத் தூக்கி ஆயில் குச்சியை உருவினார்.

"ஆயில் சரியாத்தானே இருக்கு மாமா?"

"நான் ஊத்தினது."

"எப்போ?"

"ஊத்திக்கிட்டேதான் இருக்கேன்."

"எப்போலேர்ந்து?"

"நீங்க இன்ஜினைப் பூட்டிக் கொடுத்ததுலேர்ந்து."

மாப்பிள்ளை குச்சியைக் கையில் பிடித்தபடி நின்றார். எண்ணெய் சொட்டி அவர் செருப்பில் விழுந்தது. வழுக்கைத் தலை மெக்கானிக் சொன்னதை எல்லாம் மாமனார் ஒரே மூச்சில் கொட்டினார்: ரிங், புள்ளி, சாம்பல், அந்த இன்னொரு வேன். எதையும் விடவில்லை. கடைசியில், "எனக்குச் சொல்ல வரலை மாப்பிள்ளை" என்றார்.

"அதுக்கப்புறம் வந்த வண்டிக்கெல்லாம் அப்படியே பூட்டினேன் மாமா" என்றார் மாப்பிள்ளை மெதுவாக. "நீங்க நல்லா ஓடுதுன்னு சொன்னதாலதான்."

கத்தியிருந்தால்கூட மாமனாருக்குத் தேவலை. தெரிந்தவர் வண்டி ஒன்றை வரவழைத்து, கயிறு கட்டி லாரியை ஷெட்டுக்கு இழுத்துப் போனார்கள். வழி முழுக்க மாப்பிள்ளை முன்னால் போன கயிற்றையே பார்த்துக்கொண்டு வந்தார்.

இன்ஜினைப் பிரித்துப் பிஸ்டனை வெளியே எடுத்தபோது சந்தேகத்துக்கே இடமில்லை. புள்ளி கீழே பார்த்துக்கொண்டிருந்தது. மாப்பிள்ளை ஒவ்வொரு வண்டிக்காரருக்கும் போன் செய்தார். "என் வேலையில ஒரு தப்பு நடந்துபோச்சு. வண்டியைக் கொண்டுவாங்க, நானே பிரிச்சுச் சரி பண்ணித் தரேன்." ஒருவர் கத்தியது போனுக்கு வெளியே கேட்டது. மாப்பிள்ளை கேட்டுக்கொண்டு நின்றார். மாமனார் ஸ்டூலில் உட்கார்ந்து தன் உள்ளங்கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். முதல் வாரமே அந்த ஒரு வரியைச் சொல்லியிருந்தால் ஒரு லாரியோடு போயிருக்கும். இந்தப் பிள்ளை இப்போது ஊருக்கெல்லாம் மன்னிப்புக் கேட்க வேண்டியிருக்காது.

செவ்வாய்க்கிழமை பால் கம்பெனி முதலாளி வந்தார். லாரியின் இன்ஜின் பெஞ்சு மேல் குடல் சரிந்து கிடந்தது. அவர் புருவத்தை உயர்த்திப் பார்த்துவிட்டு, "மாமனார் நீங்கதானே? வண்டி எப்படி ஓடுச்சு?" என்றார்.

மாப்பிள்ளை தரையைப் பார்த்தார். மாமனார் எழுந்து நின்றார். இந்தத் தடவை சொல் தொண்டைக்குக் கீழே நிற்கவில்லை.

"எண்ணெய் குடிச்சுதுங்க. ரிங்கைத் தலைகீழாப் போட்டுட்டார். கன்வெர்ட்டர் உருகிப்போச்சு, நேத்து மேம்பாலத்துல நின்னுடுச்சு. நானும் முன்னாடியே சொல்லலை, அது என் தப்பு. தெரிஞ்ச அன்னைக்கே எல்லா வண்டிக்காரருக்கும் இவரே போன் பண்ணிட்டார். இப்போ திரும்பப் பூட்டிக்கிட்டு இருக்கார்."

முதலாளி பெஞ்சைச் சுற்றி ஒரு நடை நடந்தார். "வண்டி ஓடட்டும்" என்றார் கடைசியில். "எண்ணெய் குறையலைன்னு உங்க மாமனாரே எனக்குச் சொல்லட்டும், அப்போ பேசுவோம். இப்போ ஒண்ணும் சொல்றதுக்கில்லை." மாமனாரைக் கை காட்டிவிட்டு காரில் ஏறிப் போய்விட்டார். வேன்கள் வருமா வராதா என்று ஷெட்டில் யாருக்கும் தெரியவில்லை.

கார் சத்தம் அடங்கியதும் மாப்பிள்ளை பேசினார்.

"எங்க அண்ணன் எதுக்கெடுத்தாலும் திட்டுவார் மாமா. தாங்க முடியாமத்தான் வெளியே வந்தேன். ஆனா அவர் கடையில ஒரு ரிங்கூடத் தப்பாப் போனதில்லை." கொஞ்சம் நிறுத்தி, "நான் உங்க மகனா இருந்திருந்தா அன்னைக்கே சொல்லியிருப்பீங்க, இல்லையா?" என்றார்.

"மகனா இருந்தா..." மாமனார் யோசித்தார். பொய் சொல்ல இடமில்லை. "காதைத் திருகியிருப்பேன்."

"அப்போ நான் யாரு மாமா?"

மாமனாருக்குக் கண் நிறைந்துவிட்டது. பெண்ணைக் கொடுத்து, எழுந்து நின்று, இரண்டு கையால் சாவி கொடுத்து, வாரா வாரம் புகழ்ந்து, இவ்வளவு மரியாதையும் செய்து, ஒரு உண்மையைச் சொல்கிற அளவுக்குக்கூடச் சொந்தமாக நினைக்காமல் இருந்துவிட்டோமே என்று அப்போதுதான் உறைத்தது.

"திட்டுங்க மாமா" என்றார் மாப்பிள்ளை.

"என்னது?"

"திட்டுங்க. அன்னைக்குத் திட்ட வேண்டியது."

மாமனார் தொண்டையைச் செருமினார். "மாப்பிள்ளை, நீங்க... இனிமே கொஞ்சம் கவனமா..."

"இதுவா திட்டு?"

சாப்பாட்டுப் பாத்திரத்தோடு கேட்டைத் தாண்டி வந்த மகள் என்ன நடக்கிறது என்று புரியாமல் அப்படியே நின்றாள். பிரமாதம் மூச்சை இழுத்துப் பிடித்தார்.

"அறிவிருக்கா உனக்கு? புள்ளி எந்தப் பக்கம்னு பார்க்காம ரிங்கைப் போடுவியா? நடு மேம்பாலத்துல நிக்க வச்சிட்டியே! துணியெல்லாம் நாறிப்போச்சு, தெரியுமா? பிறத்தியார் வண்டியை எல்லாம் கெடுத்து வச்சிருக்கியே, தெரியலைன்னா யாரையாவது கேக்க வேண்டியதுதானே! வாயில என்ன கொழுக்கட்டையா..."

அதற்குமேல் வரவில்லை. மகள் வாயைப் பொத்திக்கொண்டாள். மாமனாருக்கு நிமிர்ந்து பார்க்கப் பயமாக இருந்தது. பார்த்தார். மாப்பிள்ளை கண்ணைப் புறங்கையால் துடைத்துக்கொண்டார், துடைத்ததில் கன்னத்தில் கிரீஸ் அப்பிக்கொண்டது. புது ரிங் ஒன்றைப் பிஸ்டனில் ஏற்றி மாமனாரிடம் நீட்டினார்.

"இது சரியாப் போயிருக்கா, பாருங்க மாமா."

மாமனார் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெளிச்சத்துப் பக்கம் திரும்பினார். அவசரப்படாமல் பார்த்தார்.

"புள்ளி மேலதான் இருக்கு. ஓரத்துல அழுக்கு ஒட்டியிருக்கு பாரு. துடைச்சிட்டுப் போடு."

மாப்பிள்ளை பிஸ்டனை வாங்கித் துடைக்க ஆரம்பித்தார்.